ஹகோபோ ஆர்பென்ஸ் – தரிசைப் பகிர்ந்தவர்

குவாதமாலாவின் மலைநகரான கெட்சால்தெனாங்கோவில் 1913 செப்டம்பர் 14 அன்று பிறந்தவர் ஹகோபோ ஆர்பென்ஸ். இலத்தீன் அமெரிக்க மண் ஈன்ற நாவன்மை மிக்க தலைவர்களின் வரிசையில் அவரைச் சேர்க்க இயலாது. கூச்ச சுபாவம், குறைந்த பேச்சு. தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய மருந்துக் கடைக்காரர். மார்ஃபினுக்கு அடிமையாகித் தொழிலை இழந்தார். பின்னர்த் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். உயர்கல்வி பயில விரும்பிய மகனுக்குச் செலவின்றிக் கற்கக் கிடைத்த வாயில் இராணுவக் கல்லூரி ஒன்றே. அங்கு மிகச் சிறந்த மாணவராகத் தேறினார். பின்னாளில் அங்கேயே ஆசிரியருமானார். இளம் அதிகாரியாக அவருக்கு இடப்பட்ட பணிகளில் ஒன்று, விலங்கிட்ட கைதிகளைக் கட்டாய வேலைக்கு நடத்திச் செல்வது. அந்தக் காட்சி அவரை விட்டு நீங்கவில்லை.

எல் சால்வதோரின் செல்வமிக்க நிலவுடைமைக் குடும்பத்துப் பெண்ணான மரியா விலனோவாவைப் பெற்றோர் இசைவின்றி மணந்தார். கணவரின் வாசிப்புக்குத் திசை காட்டியவர் அவரே. நிலமுடையார் வீட்டில் பிறந்த ஒருத்தி நிலமற்றோரைப் பற்றிய நூல்களைக் கணவர் கையில் கொடுத்தார் என்பது அந்நாட்டு வரலாற்றின் சுவையான முரண்.

அந்நாளில் சர்வாதிகாரி உபீகோவின் சட்டப்படி, நிலமற்ற இந்தியப் பழங்குடியினர் ஆண்டுதோறும் குறைந்தது 150 நாள் பிறர் தோட்டத்தில் வேலை செய்ததற்குச் சான்றாகக் கைப்புத்தகம் ஒன்றைச் சுமந்து திரிய வேண்டும். நாட்கணக்குக் குறைந்தால் சிறை. 1944 அக்டோபர் 20 அன்று அந்த ஆட்சிமுறையை வீழ்த்திய கிளர்ச்சியில் ஆர்பென்ஸ் முன்னின்றார். பின்னர் வந்த அரேவாலோ ஆட்சியில் பாதுகாப்பு அமைச்சரானார். 1949-இல் அவருடைய போட்டியாளரான தளபதி அரானா, கைது செய்ய முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இரத்தக்கறையின் நிழல் ஆர்பென்ஸின் பெயர்மீது இறுதிவரை படிந்தே இருந்தது. அதனை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது நேர்மை ஆகாது.

1950 தேர்தலில் பெரும்பான்மை வாக்குகளுடன் வென்று 1951 மார்ச்சில் குடியரசுத் தலைவரானார். நாட்டின் விளைநிலத்தில் 72 விழுக்காடு, உடைமையாளருள் வெறும் 2 விழுக்காட்டினரிடம் குவிந்திருந்த காலம் அது. பெருந்தோட்டங்களில் மிகுதி தரிசாகக் கிடந்தது. 1952 ஜூன் 17 அன்று நள்ளிரவு கடந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய 900-ஆம் ஆணை அந்தத் தரிசின்மீதுதான் கை வைத்தது. உழுது பயிரிட்ட தோட்டத்தை அது தீண்டவில்லை. ஏறத்தாழ 670 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணைகளில் பயிரேறாத பகுதி மட்டும் அரசுடைமையாகும். அதற்குக் கீழ்ப்பட்ட நடுத்தரப் பண்ணைகளில் மூன்றில் இரு பங்கு பயிரிடப்பட்டிருப்பின் அவற்றுக்கு முழு விலக்கு. பெறுவோருக்கு அது பெரும்பாலும் வாழ்நாள் அனுபோக உரிமையாகவே வழங்கப்பட்டது. கடன் தர வேளாண் வங்கி ஒன்றும் 1953-இல் தோன்றியது. ஐவர் கொண்ட ஊர்க்குழுக்களில் மூவர் உழவர் சங்கத்தாராக இருந்தனர். கைப்புத்தகம் சுமந்தவனே அளவுக்கோலும் பிடிக்கும் நிலை வந்தது.

இழப்பீட்டு விதியில்தான் ஆணையின் கூர்மை அடங்கியிருந்தது. நிலத்தின் விலையை அரசு மதிப்பிடவில்லை. உடைமையாளர் வரிக்கணக்கில் தாமே எழுதிக் கொடுத்த மதிப்பே விலை. அந்தத் தொகையை 25 ஆண்டுவரை தவணையுள்ள, 3 விழுக்காடு வட்டியுள்ள பத்திரங்களாக அரசு கொடுக்கும். வரிக்கு அஞ்சிக் குறைத்து எழுதிய கை, இழப்பீட்டுக்கு நீளும்போது தன் கையெழுத்தையே எதிரில் கண்டது.

ஆர்பென்ஸ் தம் சொந்த நிலத்திலும் ஏறத்தாழ 1700 ஏக்கரை இவ்வாணையின் கீழ் விட்டுக்கொடுத்தார். 1954-க்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்கள் நிலம் பெற்றன. எல்லாம் முறைப்படி நடந்தன என்று சொல்வதற்கில்லை. சட்டத்துக்கு உட்படாத நிலங்களிலும் சிலர் புகுந்தனர். எல்லைத் தகராற்றில் ஊரோடு ஊர் மோதியது. நிலவுடைமையாளரின் முறையீட்டை 1953-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, அந்த நீதிபதிகளையே நாடாளுமன்றம் நீக்கியது. அவருடைய ஆட்சியில் அறவே ஏற்க இயலாத செயல் இது; நோக்கம் நல்லதாயினும் நடுவுநிலைமையைக் கொன்றது.

நாட்டின் மிகப்பெரிய நிலக்கிழார் யுனைட்டெட் ஃப்ரூட் என்னும் அமெரிக்க வாழைக் குழுமம். ஏறத்தாழ ஐந்தரை லட்சம் ஏக்கர் அதன் கையில். இருப்புப் பாதையும் துறைமுகமும் அதன் பிடியிலேயே இருந்தன. நிலத்தில் பெரும்பகுதி தரிசு. வாழையைத் தாக்கும் பனாமா வாடல் நோய்க்காகவும் புயலுக்காகவும் வைத்த சேமிப்பு நிலம் அது என்பது குழுமத்தின் வாதம். அந்த வாதத்தில் சிறிது உண்மையும் உண்டு. 1953 மார்ச்சில் திகிசாத்தே பகுதியில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் அரசு எடுத்துக்கொண்டது. வரிக்கணக்கின்படி இழப்பீடு சுமார் 6 லட்சத்து 27 ஆயிரம் டாலர். குழுமத்தின் சார்பில் அமெரிக்க அரசே முன்வந்து கேட்ட தொகையோ சுமார் 1 கோடியே 58 லட்சம் டாலர். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், அந்தக் குழுமத்துக்காக முன்னர் வாதாடிய வழக்கறிஞர் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவர் தம்பி ஆலன் டல்லஸ் உளவுத்துறையின் தலைவர்.

1954 ஜூன் 18 அன்று, உளவுத்துறை பயிற்றுவித்த சில நூறு பேருடன் காஸ்தியோ அர்மாஸ் எல்லை கடந்தார். படை சிறிது, வானொலிப் பொய் பெரிது, வானூர்திகள் தந்த அச்சம் அதனினும் பெரிது. இராணுவ அதிகாரிகள் போரிட மறுத்தனர். உழவருக்கும் தொழிலாளருக்கும் ஆயுதம் வழங்கச் சொன்ன ஆணையையும் தளபதிகள் நிறைவேற்றவில்லை. ஜூன் 27 அன்று ஆர்பென்ஸ் பதவி துறந்தார். நிலத்தை உழவனிடம் ஒப்படைக்கத் துணிந்தவர், துப்பாக்கியை ஒப்படைக்கும் காலத்தில் படைத்தலைவர்களையே நம்பினார். அவர் வாழ்வின் பெரும்பிழை இதுவே எனலாம். பகிர்ந்த நிலத்தில் ஏறத்தாழ அனைத்தும் பழைய உடைமையாளரிடம் திரும்பிற்று. விந்தை என்னவெனில், சில நாள் கழித்து ஜூலை 2 அன்று, அதே குழுமத்தின்மீது ஏகபோகத் தடைச்சட்டப்படி அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது.

மெக்சிகோ தூதரகத்தில் சில வாரம் அடைக்கலம் புகுந்தார். நாட்டை விட்டு வெளியேறுகையில், விமான நிலையத்தில் படக்கருவிகளின் முன்னே ஆடை களையச் செய்து சோதித்தனர். தந்தை நாடான சுவிட்சர்லாந்து, குவாதமாலாக் குடியுரிமையைத் துறந்தால் தன் குடியுரிமை தருவதாகச் சொன்னது. அவர் மறுத்துவிட்டார். பாரிஸ், பிராகா, மாஸ்கோ, உருகுவே, கியூபா என அலைச்சல். எந்த நாடும் அவருக்கு ஊராகவில்லை. 1965-இல் மூத்த மகள் அரபெல்லா தற்கொலை செய்துகொண்டார். அதன்பின் அவர் தளர்ந்தே போனார்.

அவருடைய ஆட்சியில் எல் சால்வதோருக்குத் தூதராக இருந்த மிகேல் ஆன்ஹெல் அஸ்தூரியாஸ், வாழைத் தோட்டங்களை மையமாக்கி மூன்று நாவல்கள் எழுதினார். புதிய ஆட்சி அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 1967-இல் அவர் நோபல் பரிசு பெற்றபோது ஆர்பென்ஸ் உயிரோடிருந்தார். எனினும் சொந்த நாட்டுக்குள் காலடி வைக்க அவருக்கு வழி இல்லை.

1971 ஜனவரி 27 அன்று மெக்சிகோ நகரில் தம் வீட்டுக் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். வயது 57. எல் சால்வதோரில் அடக்கம் செய்யப்பட்ட உடல் எச்சம் 1995 அக்டோபரில்தான் தாயகம் சேர்ந்தது. 1960-இல் தொடங்கி 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். 2011 அக்டோபர் 20 அன்று குவாதமாலா அரசு அவருடைய குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது. வாழைக் குழுமத்தின் இருப்புப் பாதைக்கு மாற்றாக அவர் தொடங்கிய அட்லாண்டிக் நெடுஞ்சாலைக்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது.