பத்து வருட காதிம்: அனஸ் பின் மாலிக் (ரலி)

  

 

கடை வைத்திருக்கிற பாய்மார்களைச் சந்தித்தால் ஒரே புலம்பல்தான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலை செய்ய மனசில்லை, கொஞ்சம் அன்பாகப் பேசினால் தலைக்கு மேல் ஏறிக்கொள்கிறார்கள், அதட்டினால்தான் வேலை நடக்கிறது என்கிறார்கள். அதே கடையில் வேலை பார்க்கிற தம்பிமார்களைக் கேட்டால் அவர்களுக்கு வேறு புலம்பல். எவ்வளவு உழைத்தாலும் ஒரு நல்ல வார்த்தை கிடையாது, ஒரு தவறு செய்துவிட்டால் வாடிக்கையாளர் முன்னால் வைத்து ஏச்சு. நமக்கு இரண்டு பேருடைய பேச்சும் காதில் விழுகிறது. ஏனென்றால் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை ஒரே ஸஃப்பில்தான் வந்து நிற்கிறார்கள்.

எனவே இன்றைக்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையைப் பார்க்கலாம். பத்து வருடம் பணியாளராக இருந்தவர். அதற்குப் பிறகு எண்பது வருடத்திற்கும் மேல் வாழ்ந்து, செல்வந்தராக, பலருக்கு எஜமானராகவும் இருந்தவர். அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அனஸுக்குப் பத்து வயது. கஸ்ரஜ் கோத்திரத்தில் பனூ நஜ்ஜார் கிளையைச் சேர்ந்தவர். தாயார் உம்மு சுலைம் (ரலி). அந்த அம்மா ஹிஜ்ரத்துக்கு முன்பே ஈமான் கொண்டுவிட்டார்கள். பேசக் கற்ற பிள்ளைக்குக் கலிமாவைச் சொல்லிக் கொடுத்தார்கள். தகப்பன் மாலிக் பின் நள்ருக்கு அது பிடிக்கவில்லை. என் பிள்ளையைக் கெடுக்கிறாயே என்று சண்டை. நான் கெடுக்கவில்லை என்று இந்த அம்மா உறுதியாக நின்றார்கள். கோபித்துக்கொண்டு ஷாம் தேசத்துக்குப் போன மாலிக் திரும்பி வரவேயில்லை. அங்கேயே அவருடைய முடிவு வந்துவிட்டது.

பிறகு அபூதல்ஹா பெண் கேட்டு வந்தார். மதீனாவின் அன்ஸாரிகளில் பேரீச்சந்தோட்டம் அதிகம் உள்ளவர் அவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் முஸ்லிமாகவில்லை. உம்மு சுலைம் பொன்னோ வெள்ளியோ மஹராகக் கேட்கவில்லை. நீங்கள் இஸ்லாத்துக்கு வந்தால் அதுவே எனக்கு மஹர் என்றார்கள். அவரும் ஈமான் கொண்டார், நிகாஹ் நடந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அனஸ் சோற்றுக்கு வழியில்லாமல் வேலைக்குப் போன பிள்ளை அல்ல. நல்ல குலம், தோட்டம் துரவு உள்ள வளர்ப்புத் தகப்பன். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையும்கூட. அந்தக் காலத்து அரபுகளில் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அப்படிப்பட்ட பிள்ளையின் கையைப் பிடித்து நபியவர்களிடம் கூட்டிக்கொண்டு போய், இவன் புத்திசாலிப் பையன், உங்களுக்குப் பணிவிடை செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். செருப்பை எடுத்து வைக்கிற வேலை, ஒளுவுக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. நம் வீட்டில் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பிள்ளையிடம் தன் தட்டைக் கழுவச் சொல்லவே நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

சரி, அந்த வேலை பார்த்த இடம் எப்படி இருந்தது?

அனஸ் (ரலி) அவர்களே பிற்காலத்தில் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பத்து வருடத்தில் ஒரு தடவைகூட நபியவர்கள் அவரைப் பார்த்துச் சீ என்று சொன்னதில்லை. செய்த ஒன்றை ஏன் செய்தாய் என்றோ, செய்யாத ஒன்றை ஏன் செய்யவில்லை என்றோ கடிந்து கேட்டதில்லை. வீட்டார் யாராவது குறை சொன்னாலும், விடுங்கள், நடக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தால் நடந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். நபியவர்கள் தங்கள் கையால் எந்தப் பணியாளரையும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் அறிவிக்கிறார்கள்.

இதைக் கேட்டால் கடைக்காரப் பாய்க்கு உடனே சந்தேகம் வரும். அப்படி விட்டால் பையன் கெட்டுப் போகமாட்டானா? அனஸே அதற்கும் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் நபியவர்கள் ஒரு வேலையாகப் போகச் சொன்னார்கள். பையன் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதுவும் சத்தியம் போட்டு. மனசுக்குள் போகவேண்டும் என்றுதான் எண்ணம். சின்ன வயசு, வாய் அப்படிச் சொல்லிவிட்டது. வெளியே வந்தால் கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயே நின்றுவிட்டார். திடீரென்று பின்னாலிருந்து ஒரு கை அவருடைய பிடரியைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் நபி (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். உனைஸ் என்று செல்லமாகக் கூப்பிட்டு, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் யா ரஸூலல்லாஹ் என்று பையன் கிளம்பிவிட்டார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நபியவர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை. தேடி வந்தார்கள், வேலை என்னவாயிற்று என்று கேட்டார்கள். வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுவனுடைய மானத்தையும் எடுக்கவில்லை. நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். ஒன்று, கண்டுகொள்ளாமல் விட்டு உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருப்போம். இல்லையென்றால் ஊர் கேட்க ஏசுவோம். சிரித்துக்கொண்டே கணக்குக் கேட்கிற மூன்றாவது வழி நமக்குப் பழக்கமில்லை.

அந்தப் பையன் கெட்டுப் போனாரா? இன்னொரு நாள் இதேபோல் விளையாடிக்கொண்டிருந்தார். நபியவர்கள் வந்து பிள்ளைகளுக்கு ஸலாம் சொன்னார்கள். அனஸை ஒரு வேலைக்கு அனுப்பினார்கள். முடித்துவிட்டு வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. ஏன் தாமதம் என்று தாயார் கேட்டார்கள். நபியவர்கள் ஒரு வேலைக்கு அனுப்பினார்கள் என்றார். என்ன வேலை? அது இரகசியம். வேறு தாயாக இருந்தால் என்னிடமே இரகசியமா என்று காதைத் திருகியிருப்பார். உம்மு சுலைம் என்ன செய்தார்கள் தெரியுமா? நபியவர்களின் இரகசியத்தை யாரிடமும் சொல்லாதே என்று பிள்ளையின் பக்கம் நின்றார்கள். பல ஆண்டுகள் கழித்து, கிழப்பருவத்தில், தம் பிரியமான மாணவர் ஸாபித் அல் புனானியிடம் இந்த நிகழ்ச்சியைச் சொன்னபோதும் அந்த இரகசியத்தை மட்டும் அனஸ் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்வதாக இருந்தால் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன் என்று முடித்துவிட்டார். அது என்ன வேலை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பணியாளரோடு அவருடைய குடும்பத்தையும் நபியவர்கள் கவனித்தார்கள். அனஸுடைய குட்டித் தம்பி அபூஉமைர் வளர்த்த சின்னக் குருவி செத்துப் போனபோது, அந்தக் குழந்தையிடம் உட்கார்ந்து விசாரித்தது நமக்கெல்லாம் தெரிந்த ஹதீஸ்தான். ஒருமுறை உம்மு சுலைம் வீட்டுக்கு வந்தபோது, உங்கள் காதிம் அனஸுக்கு துஆச் செய்யுங்கள் என்று தாயார் கேட்டுக்கொண்டார்கள். செல்வத்திலும் பிள்ளைகளிலும் பரக்கத் வேண்டி நபியவர்கள் துஆச் செய்தார்கள். அன்ஸாரிகளில் பெரும் செல்வந்தர்களில் ஒருவராக அனஸ் ஆனார். ஹஜ்ஜாஜ் பஸராவுக்கு வந்த சமயத்தில், தம் வழியில் பிறந்து இறந்துபோனவர்கள் மட்டுமே நூற்று இருபதுக்கும் மேல் என்று அவருடைய மகள் கணக்குச் சொன்னதாக புகாரியில் இருக்கிறது. வருடத்துக்கு இருமுறை காய்க்கிற தோட்டம் இருந்ததாகவும் ரிவாயத் வருகிறது.

ஹிஜ்ரீ 11-ல் நபியவர்கள் மறைந்தபோது அனஸுக்கு இருபது வயது. கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸகாத் வசூலிக்க பஹ்ரைன் பகுதிக்கு அவரை அனுப்ப நினைத்து உமர் (ரலி) அவர்களிடம் யோசனை கேட்டார்கள். அனுப்புங்கள், அவர் புத்தியுள்ளவர், எழுதத் தெரிந்தவர் என்று உமர் சிபாரிசு செய்தார்கள். ஒட்டகத்துக்கு எவ்வளவு, ஆட்டுக்கு எவ்வளவு என்று அபூபக்ர் (ரலி) அவருக்கு எழுதிக் கொடுத்த அந்தக் கடிதத்தை இன்றும் நம் மதரஸாக்களில் புகாரியில் ஓதுகிறோம்.

இப்போது வருகிற விஷயத்தைக் கொஞ்சம் அடக்கத்தோடு கேட்கவேண்டும். ஸஹாபாக்களைப் பற்றிப் பேசும்போது நாவுக்குக் கடிவாளம் வேண்டும்.

அனஸிடம் ஸீரீன் என்று ஓர் அடிமை இருந்தார். இராக்கில் ஐனுத் தம்ர் என்ற ஊர் கைப்பற்றப்பட்டபோது பிடிபட்டவர், செம்புப் பாத்திரம் செய்கிற கைத்தொழில்காரர். உழைத்துப் பணம் சேர்த்திருந்தார். இவ்வளவு தொகை தருகிறேன், என்னை விடுதலை செய்ய எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். மார்க்கத்தில் அதற்கு முகாதபா என்று பெயர். அனஸ் ஒப்பவில்லை. ஸீரீன் நேராக கலீஃபா உமரிடம் போய் முறையிட்டார். எழுதிக் கொடு என்று உமர் சொன்னார்கள். அப்போதும் அனஸ் தயங்கினார். யார் அவரைப் புத்தியுள்ளவர் என்று சிபாரிசு செய்தாரோ, அதே உமர் சாட்டையை எடுத்து ஓர் அடி வைத்தார்கள். விடுதலைப் பத்திரம் கேட்கிற அடிமையிடம் நன்மையைக் கண்டால் எழுதிக் கொடுக்கச் சொல்கிற சூரத்துந் நூர் வசனத்தையும் ஓதினார்கள். அனஸ் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்படி எழுதிக் கொடுப்பது கட்டாயமல்ல, விரும்பத்தக்கதுதான் என்பது நம் இமாம்களில் பெரும்பாலோரின் முடிவு. எனவே அனஸ் ஹராம் எதையும் செய்துவிடவில்லை. ஆனாலும் நினைத்துப் பாருங்கள். பத்து வருடம் ஒரு கடுஞ்சொல் கேட்காமல் பணி செய்தவர். அவருக்கே எஜமானர் இடத்தில் உட்கார்ந்ததும் கை இறுகியது. நல்ல பணியாளன் கைவிட்டுப் போவதென்றால் யாருக்கும் மனசு வராது. அவன் உழைப்பு நமக்குப் பாத்தியதை என்று மெல்ல மெல்ல மனசு நம்பிவிடும். கடை திறந்து பத்து வருடம் ஆன பிறகு, தனிக்கடை போடப் போகிறேன் என்று பையன் வந்து நிற்கும்போது நம் முகம் எப்படி மாறுகிறது? அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் ஓர் உமர் தேவைப்படுகிறார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற நம்மவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முஅத்தின் ஊருக்குப் போக இரண்டு நாள் லீவு கேட்டால் என்ன பதில் சொல்கிறோம்?

அனஸுடைய பெருமை, அந்த அடியை மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்பதில் இருக்கிறது. ஸீரீன் விடுதலையானார். உஸ்மான் (ரலி) அவர்களின் கிலாஃபத் முடிவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது அவருக்கு முஹம்மத் என்று ஒரு மகன் பிறந்தார். கனவு விளக்கத்துக்குப் பெயர்பெற்ற இமாம் இப்னு ஸீரீன் அவர்தான். அந்த மகன் அனஸிடமே ஹதீஸ் படித்தார், பாரசீகத்தில் அனஸுக்கு எழுத்தராக வேலையும் பார்த்தார்.

அனஸ் பஸராவில் குடியேறி நீண்ட காலம் வாழ்ந்தார். 2286 ஹதீஸ்கள் அவர் வழியாக வந்திருக்கின்றன. தெருவில் போகும்போது விளையாடுகிற பிள்ளைகளுக்கு அவரே முந்திக்கொண்டு ஸலாம் சொல்வார். நபியவர்கள் அப்படித்தான் செய்தார்கள் என்பார். முன்பு ஒரு பயணத்தில் தம்மைவிட மூத்தவரான ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அனஸுக்குப் பணிவிடை செய்தார். அன்ஸாரிகள் நபியவர்களுக்குச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் யாரைக் கண்டாலும் இப்படித்தான் கண்ணியப்படுத்துவேன் என்பது அவர் சொன்ன காரணம். முதுமையில் ஹஜ்ஜாஜ் அவரை அவமானப்படுத்தியதும், அவர் கலீஃபா அப்துல் மலிக்குக்கு எழுதியதும், கலீஃபா ஹஜ்ஜாஜைக் கண்டித்ததும் வரலாற்று நூல்களில் இருக்கிறது. அது தனி பயானுக்கான விஷயம்.

ஹிஜ்ரீ 93-ல் அனஸ் (ரலி) வஃபாத்தானார்கள். என்னைக் குளிப்பாட்டவும் எனக்குத் தொழவைக்கவும் முஹம்மத் பின் ஸீரீன் வரவேண்டும் என்று வஸிய்யத் செய்திருந்தார்கள். எந்த அடிமையை விடத் தயங்கினார்களோ, அவருடைய மகன்!

ஆனால் இப்னு ஸீரீன் அப்போது சிறையில் இருந்தார். கடனுக்காக அடைத்திருந்தார்கள். நாற்பதாயிரம் திர்ஹத்துக்கு எண்ணெய் வாங்கியிருந்தார். ஒரு தோல் பையில் செத்த எலி கிடந்தது. எலி ஆலையிலேயே விழுந்திருக்கலாம், அப்படியென்றால் எல்லா எண்ணெயும் நஜிஸ்தான் என்று பயந்து அத்தனையையும் கொட்டிவிட்டார். யாரும் பார்க்கவில்லை, விற்றிருக்கலாம். கொட்டினார், கடன் ஏறியது, சிறைக்குப் போனார். இரவில் வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வந்துவிடுங்கள் என்று சிறைக் காவலர் இரக்கப்பட்டுச் சொன்னபோதும், உன் அமானிதத்துக்கு நீ துரோகம் செய்ய நான் உதவமாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

அனஸுடைய வஸிய்யத்துக்காக, கடன் கொடுத்தவரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு அவரை வெளியே விட்டார்கள். வந்தார். தம் தகப்பனின் எஜமானரை, நபியவர்களின் காதிமைக் குளிப்பாட்டினார், கஃபனிட்டார், ஜனாஸா தொழவைத்தார். பிறகு, தம் வீட்டுக்குக்கூடப் போய் எட்டிப் பார்க்காமல், நேராகச் சிறைச்சாலைக்கே திரும்பிப் போய்விட்டார்.