றுடோல்வ் ஷோன்ஹைமர்: உடலின் ஓட்டத்தை அறிந்தவர்

விஞ்ஞானப் பெரியார்களின் வரலாறுகளுள் என் நெஞ்சைவிட்டு நீங்காதது றுடோல்வ் ஷோன்ஹைமரின் வரலாறு. நாற்பத்து மூன்று ஆண்டுகளே வாழ்ந்த அவர், மனித உடலைப் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணத்தை அடியோடு மாற்றினார். புத்தளத்து உப்பளங்களையும் களப்பையும் கண்டு வளர்ந்த மாணவர்க்கு அவர் பணியை விளக்குதல் எளிது என்பது என் அனுபவம்.

1898ஆம் ஆண்டில் பேர்லினில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். முதலாம் உலகப் போரிற் பணியாற்றியபின் வைத்தியம் பயின்று, பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் நாடித் தடிப்பு நோய்க்கும் கொலஸ்திரோலுக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1933இல் ஹிட்லரின் ஆட்சி யூதர்களைப் பதவிகளினின்று விலக்கியது. ஷோன்ஹைமர் தாய்நாட்டைத் துறந்து நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1990இல் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கற்பிட்டி, புத்தளம் கரைகளில் வந்திறங்கிய துயரை அறிந்த நமக்கு, அவர் நிலையை உணர்தல் அரிதன்று.

கொலம்பியாவில் அப்போது ஹரல்ட் யூரே இருந்தார். 1931இல் பாரமான ஐதரசனைக் கண்டறிந்தவர் அவர். ஒரே மூலகத்தின் அணுக்கள் இரசாயன இயல்பால் ஒத்தும் நிறையால் வேறுபட்டும் இருக்குமாயின் அவற்றைச் சமதானிகள் என்பர். அவற்றுள் கதிர்வீசிச் சிதையாதவை உறுதிச் சமதானிகள். நம் உப்பளப் பாத்தியில் நீர் வற்றும்போது இலேசான நீர் சற்று விரைந்து ஆவியாகும். பாரமானது சற்றே பின்தங்கும். திரவ ஐதரசனைப் பெரும்பாலும் ஆவியாகவிட்டு, எஞ்சிய சிறுபகுதியில் யூரே பாரமான ஐதரசனைத் தேடியதும் இந்நியதி பற்றியே.

யூரேயிடம் பயின்ற டேவிட் றிற்றன்பேர்க்குடன் சேர்ந்து, ஷோன்ஹைமர் அப்பாரமான அணுவை உணவிலிட்ட அடையாளமாக்கினார். பாரமான ஐதரசன் ஏற்றிய கொழுப்பைச் சுண்டெலிகளுக்கு ஊட்டியபோது, அதன் பெரும்பங்கு உடனே எரிந்துபோகாமல் உடற்கொழுப்போடு கலந்திருக்கக் கண்டார். உடலெடையோ மாறவில்லை. புதியது புகப் பழையது வெளியேறியிருந்தது. பின்னர், பாரமான நைதரசன் கொண்ட அமினோ அமிலத்தை வளர்ச்சி முடிந்த எலிகளுக்கு ஊட்டினார். அந்நைதரசனிற் பாதிக்கு மேற்பட்டது சில நாட்களிலேயே அவற்றின் புரதத்துள் அமைந்துவிட்டது. உடல் ஒருமுறை கட்டி முடித்த வீடன்று. நீர் வந்தும் சென்றும் வடிவு மாறாது தோன்றும் களப்பைப் போன்றது.

இவ்வுண்மையைத் தொகுத்துரைக்க ஹாவார்ட் பல்கலைக்கழகம் அவரை அழைத்திருந்தது. ஆயின், 1941 செப்டெம்பரில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் எழுதிவைத்த உரைகளை நண்பர்கள் 1942இல் நூலாக வெளியிட்டனர்.

அவர் ஊட்டிய அடையாளம் செயற்கையாகச் செறிவூட்டப்பட்டது. எனினும், இயற்கையாகவே நம் உடலிற் பாரமான அணுக்கள் உள்ளன. நைதரசன் அணுக்கள் ஆயிரத்தில் ஏறத்தாழ நான்கு அத்தகையன. உடல் இலேசான நைதரசனைச் சற்று மிகுதியாகச் சிறுநீரிற் கழித்துப் பாரமானதைச் சற்றே தேக்கிக்கொள்கிறது. கடலில் ஒரு மீனை இன்னொரு மீன் உண்ண, இத்தேக்கம் படிப்படியாக ஏறும். ஆதலால், பெருமீனை நாளும் உண்பவரின் தலைமயிர், மரக்கறி மட்டும் உண்பவரின் மயிரினின்று வேறுபடும். பட்டினியால் உடல் தன் தசையையே உண்ணத் தொடங்கும்போதும் மயிரில் இவ்விகிதம் உயர்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர். எலும்பு கரையும்போது சிறுநீரின் கல்சியம் இலேசாகிறது. ஈரற் புற்றுநோயாளரின் இரத்தத்திற் செம்பு இலேசாயிருப்பதை 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர் காட்டினர். இவை இன்னும் வைத்தியசாலையின் அன்றாடச் சோதனைகளாகவில்லை; ஆயினும், நோயின் தடத்தை அணுவின் நிறையிலே தேடும் வழி திறந்துவிட்டது.

இவ்வழியில் நடப்போர் யாவரும், உடல் ஓயாது மாறிக்கொண்டிருக்கிறது என்ற அவர் கண்ட உண்மையின் மேலேயே நிற்கின்றனர். அகதியாக வந்த ஒருவர் எட்டே ஆண்டுகளில் அதனை நிலைநாட்டினார். புகலிடம் அளிக்கும் நாடு எத்தகைய செல்வத்தைப் பெறக்கூடும் என்பதற்கும், அறிவாற்றல் மிக்கவரின் உள்ளத் துயரையும் உற்றார் கவனிக்க வேண்டும் என்பதற்கும் இவ்வரலாறு சான்றாகும். நம் மாணவர் இவ்விரண்டையும் அறிதல் வேண்டும்.