ஈரானின் எண்ணெயை மீட்டார்... ஆட்சியை இழந்தார்! யார் இந்த முகமது மொசாதெக்?

ஈரானுக்கும் அமெரிக்காவுக்கும் அப்படி என்னதான் பகை? அமெரிக்கர்களிடம் கேட்டால், 1979-ல் தெஹ்ரானில் உள்ள தங்கள் தூதரகம் கைப்பற்றப்பட்டு, தங்கள் நாட்டினர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்த கதையில் இருந்து ஆரம்பிப்பார்கள். ஈரானியர்களிடம் கேட்டால் இன்னும் 26 வருஷம் பின்னால போவாங்க. 1953, ஆகஸ்ட் மாதம். நாடாளுமன்றம் தேர்வு செய்த பிரதமரை அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்த மாதம் அது.

அந்தப் பிரதமர்தான் முகமது மொசாதெக். யார் இவர்? இவர் மேல் இரண்டு வல்லரசுகளுக்கும் என்ன கோபம்? பார்க்கலாம்.

அரச வீட்டுப் பிள்ளை, சட்டம் படித்தவர்

1882-ல் தெஹ்ரானில் பிறந்தவர் மொசாதெக். அம்மா, அப்போது ஈரானை ஆண்ட கஜார் அரச வம்சத்தைச் சேர்ந்தவர். அப்பா நிதித்துறையில் உயர் அதிகாரி. பாரிஸிலும் பிறகு சுவிட்சர்லாந்திலும் படித்து, 1914-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஐரோப்பா மேல் வெறுப்பு கொண்டவர் இல்லை. அங்கே பார்த்த சட்டத்தின் ஆட்சி தன் நாட்டிலும் வரணும் என்று நினைத்தவர்.

அப்போது ஈரான் யாருக்கும் அடிமை நாடு இல்லை. ஆனால் அது பெயரளவில்தான். 1907-ல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஈரானைக் கேட்காமலேயே ஒப்பந்தம் போட்டன. வடக்கு ரஷ்யாவின் செல்வாக்கில், தென்கிழக்கு பிரிட்டனின் செல்வாக்கில் என்று பங்கு பிரித்துக்கொண்டன.

சண்டைக்குக் காரணமே எண்ணெய்தான்

1901-ல் வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற தொழிலதிபர், ஈரானின் பெரும்பகுதியில் எண்ணெய் எடுக்கும் உரிமையை அந்நாட்டு மன்னரிடம் 60 வருஷத்துக்கு வாங்கினார். ஈரானுக்கு நிகர லாபத்தில் 16 சதவீதம் என்பது பேச்சு. 1908-ல் எண்ணெய் கிடைத்தது. பிரிட்டன் கடற்படை நிலக்கரியில் இருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் 1914-ல் பிரிட்டன் அரசே அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. இன்று நாம் பிபி என்று அழைக்கிற நிறுவனத்தின் பழைய உருவம் அதுதான்.

1933-ல் ஒப்பந்தம் 1993 வரை நீட்டிக்கப்பட்டது. கணக்கைப் பார்ப்போம். 1947-ல் வரி போக அந்த நிறுவனம் காட்டிய லாபம் 4 கோடி பவுண்ட். ஈரானுக்குக் கிடைத்தது வெறும் 70 லட்சம் பவுண்ட். சரி, கணக்குப் புத்தகத்தையாவது பார்க்கலாமா என்றால், அதற்கும் ஈரானுக்கு உரிமை கிடையாது.

உலகின் மிகப்பெரிய சுத்திகரிப்பு ஆலை அப்போது ஈரானின் அபதான் நகரில் இருந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குப் புல்வெளியும் நீச்சல் குளமும் இருந்தன. ஈரானியத் தொழிலாளர்கள் பலருக்குக் குடிசைதான். எண்ணெய் நம்முடையது, வளர்ச்சி மட்டும் வேறு யாருக்கோ என்ற கோபம் அங்கே வளர்ந்தது.

மன்னரையே எதிர்த்தவர்

1925-ல் ராணுவத் தளபதி ரெசா கான் தன்னை மன்னராக்கிக்கொள்ள முயன்றபோது, நாடாளுமன்றத்தில் எழுந்து எதிர்த்த சிலரில் மொசாதெக்கும் ஒருவர். இதனால் பல வருஷம் அரசியலில் இருந்து ஒதுங்க வேண்டி வந்தது. 1940-ல் சிறைக்கும் போனார்.

1941-ல் பிரிட்டனும் சோவியத் யூனியனும் ஈரானுக்குள் படையை அனுப்பின. ரெசா ஷா பதவி இழந்தார். அவர் மகன் முகமது ரெசா மன்னரானார். ஒரு வெளிநாட்டுப் படையெடுப்பில் ஈரானின் மன்னரே மாறிப்போனார் என்பதைக் கவனியுங்கள்.

மொசாதெக் மீண்டும் நாடாளுமன்றம் வந்தார். 1949-ல் தேசிய முன்னணி என்ற கூட்டணியை உருவாக்கினார். 1950 கடைசியில் பக்கத்து நாடான சவுதி அரேபியாவுக்கு அமெரிக்க நிறுவனங்கள் லாபத்தில் சரிபாதி தர ஒப்புக்கொண்டன. அப்போ எங்களுக்கு மட்டும் ஏன் கிள்ளிக் கொடுக்கறீங்க என்ற கேள்வி ஈரானில் எழுந்தது. 1951 மார்ச்சில் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் நிறைவேறியது. ஏப்ரலில் மொசாதெக் பிரதமரானார்.

வழக்கில் வெற்றி, கஜானா காலி

பிரிட்டன் சும்மா இருக்குமா? போர்க்கப்பல்களை அனுப்பியது. நிபுணர்களைத் திரும்ப அழைத்தது. ஈரான் எண்ணெயை யார் வாங்கினாலும் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. 1952-ல் ஈரான் எண்ணெயோடு போன ரோஸ் மேரி என்ற கப்பல், பிரிட்டன் வசம் இருந்த ஏடன் துறைமுகத்தில் முடக்கப்பட்டது.

மொசாதெக் நம்பியது சட்டத்தை. 1951 அக்டோபரில், 70 வயதை நெருங்கும் நேரத்தில், ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் தானே நேரில் போய் வாதாடினார். அந்த ஆண்டின் மனிதராக டைம் இதழ் இவரைத் தேர்வு செய்தது. 1952 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பக்கம் நின்றவர்களில் பிரிட்டனைச் சேர்ந்த நீதிபதியும் ஒருவர்!

ஆனா வழக்கில் ஜெயித்தால் மட்டும் எண்ணெய் விற்றுவிடுமா? சவுதி, குவைத், இராக் எல்லாம் உற்பத்தியைக் கூட்டிவிட்டதால் உலகச் சந்தை ஈரானைத் தேடவில்லை. ஏற்றுமதி ஏறக்குறைய நின்றது. கஜானா காலியானது. கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் பிரிந்தனர்.

இந்த நெருக்கடியில் மொசாதெக் எடுத்த சில முடிவுகளும் விமர்சிக்கப்படுகின்றன. நாடாளுமன்றத்திடம் சிறப்பு அதிகாரங்களை வாங்கிக்கொண்டார். 1953 ஆகஸ்டில் அதே நாடாளுமன்றத்தைக் கலைக்கப் பொதுவாக்கெடுப்பு நடத்தினார். ஆம் என்பதற்கு ஒரு இடம், இல்லை என்பதற்கு வேறு இடம். அப்போ ரகசிய வாக்கு எங்கே?

நான்கு நாட்களில் மாறிய வரலாறு

1952 அக்டோபரில் பிரிட்டனோடு உறவை முறித்து, தூதரகத்தை மூட வைத்தார் மொசாதெக். உளவாளிகளுக்கும் இடமில்லாமல் போனது. உடனே பிரிட்டன் அமெரிக்காவின் கதவைத் தட்டியது. எண்ணெய் விவகாரம் என்று சொன்னால் எடுபடாது என்பதால், ஈரான் கம்யூனிஸ்ட்டுகள் கைக்குப் போய்விடும் என்ற பயத்தைக் காட்டியது. 1953-ல் புதிதாகப் பதவிக்கு வந்த ஐசனோவர் அரசு சம்மதித்தது.

சி.ஐ.ஏ. அதிகாரி கெர்மிட் ரூஸ்வெல்ட் தெஹ்ரானுக்கு வந்தார். பத்திரிகைகள், அரசியல்வாதிகள், ராணுவ அதிகாரிகள், தெரு ரவுடிகள் என்று பணம் பாய்ந்தது. ஆகஸ்ட் 15 இரவு, பதவி நீக்க உத்தரவோடு வந்த மன்னரின் அதிகாரி கைது செய்யப்பட, திட்டம் சொதப்பியது. மன்னர் பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். ஆனால் ஆகஸ்ட் 19-ல் கூலிக்கு வந்த கூட்டத்தோடு ராணுவ டாங்கிகளும் சேர்ந்துகொண்டன. மொசாதெக்கின் வீடு தாக்கப்பட்டது. தளபதி ஸாஹெதி பிரதமரானார்.

ராணுவ நீதிமன்றம் மொசாதெக்குக்கு 3 வருஷம் சிறை விதித்தது. அதன்பிறகு சாகும்வரை அகமதாபாத் என்ற ஈரானிய கிராமத்தில் வீட்டுக் காவல். 1967 மார்ச் 5-ல் இறந்தார். பொது இறுதிச் சடங்குக்கு அனுமதி இல்லை. வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள்.

யாருக்கு லாபம்?

1954-ல் புது ஒப்பந்தம் வந்தது. பழைய பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 40 சதவீதம், அமெரிக்க நிறுவனங்களுக்கு 40, மீதி ஷெல்லுக்கும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கும். லாபத்தில் ஈரானுக்குச் சரிபாதி. கொஞ்சம் முன்னாடியே அந்தச் சரிபாதியைக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

நாடாளுமன்றம் பலமிழந்தது. மன்னரின் கை ஓங்கியது. 1957-ல் அமெரிக்க உதவியோடு சவாக் என்ற உளவுப்படை உருவானது. எதிர்க்கட்சிகள் நசுக்கப்பட, மக்களின் கோபம் மசூதிகள் வழியாகத் திரண்டு, 1979-ல் புரட்சியாக வெடித்தது. மன்னர் மறுபடியும் நாட்டைவிட்டு ஓடினார். அவரை அமெரிக்கா சிகிச்சைக்காக உள்ளே விட்டபோது, 1953 திரும்ப வரப்போகிறது என்று ஈரானில் பலரும் பயந்தார்கள். தூதரகம் கைப்பற்றப்பட்டதன் பின்னணி இதுதான். கவிழ்ப்பில் தனக்குப் பங்கு இருந்ததைக் காட்டும் ஆவணங்களை சி.ஐ.ஏ. வெளியிட்டது 2013-ல்தான்.

இதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாட்டுடைமையின்போது எண்ணெய்த் தொழில் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1965-ல் மணலி சுத்திகரிப்பு ஆலைக்காக மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கப்பட்டபோது, அதில் 13 சதவீதப் பங்கோடு சேர்ந்தது அதே நிறுவனம்தான். மொசாதெக்கை வீட்டுக்குள் பூட்டி வைக்க முடிந்தது. எண்ணெய் ஈரானுடையது என்ற சட்டத்தை மட்டும், அவருக்குப் பிறகு வந்த யாராலும் ரத்து செய்ய முடியவில்லை.