கூபா நகரத்து ஜவுளிக் கடை

இமாமுல் அஃளம் அபூஹனீபா ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களை மார்க்கச் சட்ட மேதையாக நாம் எல்லோரும் அறிவோம். அன்னார் நம்மைப் போலவே கடை வைத்து வியாபாரம் செய்தவர்கள் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. வியாபாரிகளாகிய நமக்கு அவர்களுடைய வாழ்க்கையில் பெரிய படிப்பினை இருப்பதால், அதைச் சுருக்கமாக இங்கே எழுதுகிறோம்.

ஹிஜ்ரி 80-ல் (கி.பி. 699) இராக் நாட்டின் கூபா நகரில் பிறந்தார்கள். பெயர் நுஃமான்; தகப்பனார் பெயர் தாபித். குடும்பத் தொழில் ஜவுளி. வாலிப வயதில் கடைவீதியே அவர்களுக்கு உலகமாக இருந்தது. அப்போது ஆமிர் அஷ்ஷஃபீ என்னும் பெரியார் அவர்களைக் கண்டு, ஆலிம்களின் சபைக்குப் போகும்படி புத்தி சொன்னார். புத்தி சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதைக் கைக்கொள்ளத்தான் ஆயுசு வேண்டும். ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தவர்கள், அந்த ஆசிரியர் ஹிஜ்ரி 120-ல் மறையும் வரை 18 வருஷம் விடாமல் ஓதினார்கள். வியாபாரத்தையும் கைவிடவில்லை.

பேச்சோடு பேச்சாக அல்லாஹ்வின் மேல் ஆணையிடுவது வியாபாரிகளின் நாக்கில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் பழக்கம். சாமானின் தரத்தைச் சொன்னாலும், கொள்முதல் விலையைச் சொன்னாலும், சத்தியம் முந்திக்கொண்டு வரும். அதைத் தடுக்க இமாமவர்கள் ஒரு வழி செய்தார்கள். பேச்சினிடையே ஆணையிட்டுவிட்டால் ஒரு வெள்ளி திர்ஹம் தருமம் செய்வதென்று தமக்குத் தாமே அபராதம் விதித்துக்கொண்டார்கள். அதன் பிறகும் நாக்கு தவறியது, திர்ஹத்தைக் கொடுத்தார்கள். பின்பு அபராதத்தை ஒரு தங்க தீனாராக உயர்த்தினார்கள். சொன்னது உண்மையான ஆணையாக இருந்தாலும் தீனார் கைவிட்டுப் போயிற்று. அதை வசூலிக்க யாரும் வரவில்லை. மனத்துக்குள் வருந்துவதோடு நிற்காமல் தவற்றுக்கு ஒரு விலை வைத்தார்கள். விலை போதாதென்று கண்டதும் கூட்டினார்கள். பழக்கத்தை மாற்ற நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் என்பவர் அவர்களுடைய கூட்டாளி. ஒரு முறை அவருக்குச் சரக்கு அனுப்பியபோது, இன்ன துணியில் பழுது இருக்கிறது, அதைச் சொல்லியே விற்க வேண்டும் என்று தெரிவித்திருந்தார்கள். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கினவர் யாரென்றும் தெரியவில்லை. தவறு கூட்டாளியுடையது என்று இமாமவர்கள் ஒதுங்கிக்கொள்ளாமல், அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் தருமம் செய்தார்கள். சாமான் பழுதென்று ஒருவர் திரும்பி வந்தால், கடைப் பையன் மேலும் மொத்த வியாபாரி மேலும் பழியைப் போடுவது நமக்கு எவ்வளவு சுலபம்! கல்லாவில் விழுந்த காசு நம்முடையது என்றால், அதனோடு வந்த குறையும் நம்முடையதுதான்.

மற்றொரு சமயம் ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்க வந்து 100 கேட்டார். அது அதிகம் பெறும் என்று இமாமவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அந்த அம்மாள் நூறு நூறாக ஏற்றி 400 வரை வந்தும், இன்னும் பெறும் என்றே சொன்னார்கள். பரிகாசமோ என்று அவர் சந்தேகப்பட்டதால், வேறொருவரை வைத்து விலை மதிக்கச் செய்து 500 கொடுத்து வாங்கினார்கள்.

குடும்பத்துக்குச் செலவழித்த அளவு தருமத்துக்கும் செலவழிப்பது அவர்களுடைய வழக்கம். ஏழை மாணவரான அபூயூசுபை ஆதரித்துப் படிக்க வைத்தார்கள்; அவரே பிற்காலத்தில் கலீபா ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியானார்.

கலீபா மன்சூர் காழி பதவியை ஏற்கும்படி வற்புறுத்தியபோது, அப்பொறுப்பைச் சரிவரச் செலுத்த இயலாது என்று அஞ்சி மறுத்தார்கள். அதற்காகச் சிறையிலிடப்பட்டார்கள். ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பக்தாதில் வபாத்தானார்கள். அவர்கள் அடங்கியுள்ள பகுதி இன்றும் அஃளமிய்யா என்றே வழங்குகிறது.

சகோதரர்களே! இரவில் கடை அடைத்துக் கணக்கு எழுதும்போது நம் சொந்தக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். விட வேண்டிய பழக்கம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதற்கு ஓர் அபராதம் வைத்து, தவறும்போதெல்லாம் தரும உண்டியலில் போடுவோம். போதாவிட்டால் கூட்டுவோம். வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.