அக்னஸ் டி மில்: நடிகையாக விரும்பியவர்

பாடசாலைக் கலைவிழா நிகழ்ச்சி நிரலில் பாடியவர், நடித்தவர், வசனம் எழுதியவர் எல்லோருடைய பெயரும் இருக்கும். எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், கையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று வாரக்கணக்கில் தொண்டை வற்றச் சொல்லித் தந்தவரின் பெயர்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். அந்த வேலைக்கும் பெயரும் ஊதியமும் உரிமையும் வேண்டும் என்று போராடிய அமெரிக்கப் பெண்மணி அக்னஸ் டி மில்.

1905 செப்டெம்பர் 18 இல் நியூயோர்க்கில் பிறந்தார். தந்தை வில்லியம் நாடக ஆசிரியர். சிறிய தந்தை சிசில் பி. டி மில் ஹொலிவூட்டின் பெரிய இயக்குநர். இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு நடிகையாகும் ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால், அதற்கான அழகு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்னா பவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கியிருந்த அவர் நடனத்தின் பக்கம் திரும்பினார். அதுவும் தந்தைக்குப் பிடிக்கவில்லை. பாலே பயிற்சியைத் தொடங்கவும் தாமதமாகிவிட்டது. கலிபோர்னியாவில் ஆங்கிலம் படித்துப் பட்டம் பெற்ற பிறகே முழுமூச்சாக மேடைக்கு வந்தார்.

நியூயோர்க்கிலும் இலண்டனிலும் பல ஆண்டுகள் சிறுசிறு நடனங்களைத் தானே அமைத்துத் தானே ஆடினார். பாராட்டுக் கிடைத்தது, காசு தங்கவில்லை. ஆனால் அந்த நடனங்களில் அவர் வெறுமனே ஆடவில்லை, ஒவ்வொரு பாத்திரமாக நடித்தார். கைவிட்டதாக நினைத்த நடிப்பு கால்வழியே திரும்பி வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1942 ஒக்டோபர் 16 இல் 'ரோடியோ' அரங்கேறியது. ஆண்பிள்ளைபோல் உடுத்தித் திரியும் பண்ணைப் பெண்ணொருத்தியின் கதை. அந்தப் பெண்ணாக அவரே ஆடினார். 22 தடவை திரைக்கு முன்னால் வந்து வணங்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 37.

அந்த வெற்றியைப் பார்த்த ரொஜர்ஸும் ஹமர்ஸ்டைனும் தங்கள் 'ஒக்லஹோமா!' இசை நாடகத்துக்கு அவரை அழைத்தார்கள். அதுவரை இசை நாடகங்களில் நடனம் பெரும்பாலும் பாட்டுக்கிடையே கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். அழகிகளை வரிசையாக நிறுத்தினால் போதும். அக்னஸோ முகத்தைப் பார்க்காமல் திறமையைப் பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் பிடிவாதம் பிடித்தார். கதாநாயகி லோரி வாயால் சொல்ல முடியாத பயத்தை ஒரு கனவு நடனமாக்கினார். 1943 இல் தொடங்கிய நாடகம் 2,212 தடவை மேடையேறியது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த ஆண்டு 'புளூமர் கேர்ள்' நாடகத்துக்கு அவர் அமைத்த நடனம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போன ஆண்களுக்காகக் காத்திருக்கும் பெண்கள். எல்லோருடைய ஆளும் திரும்பி வருவதில்லை. சோகம் அதிகம், நீக்கிவிடுங்கள் என்றார்கள் நாடகத்தை உருவாக்கியவர்கள். அவர் விடவில்லை. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, அவருடைய கணவரும் இராணுவத்தில் இருந்தார். அரங்கில் இருந்தவர்கள் அழுதார்கள். நடனம் நீக்கப்படவில்லை.

1947 இல் 'அலெக்ரோ' முழுவதையும் இயக்கி நடனமும் அமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. புரோட்வேயில் அக்காலத்துப் பெண்ணொருவருக்கு எளிதில் கிடைக்காத வாய்ப்பு. சுமை மிகப் பெரிது, வசனப் பகுதியை ஹமர்ஸ்டைன் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. 315 காட்சிகளுடன் அது நின்றது. பிற்காலத்தில் நடன அமைப்பாளர்களே இயக்குநர்களாகவும் வந்தபோது யாரும் வியக்கவில்லை. அந்த வழியில் முட்பற்றையை வெட்டியவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் 'ஒக்லஹோமா!' ஊரூராகப் பணம் கொட்டியபோது, அந்த நடனங்களை உருவாக்கியவருக்கு அதற்கேற்ற பங்கு வரவில்லை. பாட்டுக்கும் வசனத்துக்கும் பதிப்புரிமை இருந்தது. நடனத்துக்கோ, அது கதை சொன்னால்தான் நாடகம் என்ற கணக்கில் பாதுகாப்பு. அக்னஸ் சங்கத்தில் பேசினார், எழுதினார், இயக்குநர்களும் நடன அமைப்பாளர்களும் சேர்ந்த தொழிற்சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1976 இல் வந்த பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பைப் பெயர் குறிப்பிட்டே சேர்த்துக்கொண்டது.

அதற்கு முந்திய ஆண்டே, ஒரு நிகழ்ச்சி தொடங்கச் சில மணி நேரம் இருக்கையில், பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை வீழ்த்தியிருந்தது. இடது கையால் எழுதப் பழகினார். தடைப்பட்ட அதே நிகழ்ச்சியை 1977 இல் நடத்தி முடித்தார். அதன் பிறகும் புத்தகங்கள் வந்தன. தோழி மார்த்தா கிரஹாமின் வாழ்க்கை வரலாறு 1991 இல் வெளிவந்தது. 1993 ஒக்டோபர் 7 இல், 88 ஆவது வயதில், நியூயோர்க்கில் காலமானார்.