இரண்டு நாடுகளின் நோட்டில் ஒரே கையெழுத்து: யார் இந்த சி.டி.தேஷ்முக்?

பழைய ரூபாய் நோட்டு சேகரிக்கிறவங்க மத்தியில் ஒரு நோட்டுக்குத் தனி மவுசு உண்டு. சட்டென்று பார்த்தால் சாதாரண பிரிட்டிஷ் இந்தியா நோட்டுதான். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படம், ரிசர்வ் பேங்க் ஆஃப் இந்தியா என்ற பெயர், கீழே கவர்னரின் கையெழுத்து. ஆனால் வாட்டர்மார்க் இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கவனித்தால், பாகிஸ்தான் அரசு என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் அச்சடித்திருக்கும்.

இந்தியாவின் ரிசர்வ் வங்கி எதுக்கு பாகிஸ்தானுக்கு நோட்டு அடிச்சுக் கொடுத்தது? அதில் கையெழுத்து போட்ட சி.டி.தேஷ்முக் யார்? வாங்க, பார்க்கலாம்.

தாவரவியல் டு ஐசிஎஸ்

சிந்தாமன் துவாரகாநாத் தேஷ்முக் பிறந்தது 1896 ஜனவரி 14. இன்றைய மகாராஷ்டிராவின் ராய்கட் மாவட்டத்தில் உள்ள நாதே கிராமம். அப்பா வக்கீல். பையன் படிப்பில் கில்லி. 1912-ல் பம்பாய் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் முதலிடம். கூடவே சம்ஸ்கிருதத்துக்கான உதவித்தொகையும் கிடைத்தது.

அடுத்து கேம்பிரிட்ஜ். அங்கே அவர் படித்தது பொருளாதாரம் இல்லை. தாவரவியல், வேதியியல், நிலவியல். தாவரவியலில் பரிசும் வாங்கினார். 1918-ல் லண்டனில் நடந்த ஐசிஎஸ் தேர்வில் முதல் இடம் பிடித்து ஊர் திரும்பினார். மத்திய மாகாணத்தில் நிதித்துறைச் செயலாளர் வரை உயர்ந்தவர், 1939-ல் ரிசர்வ் வங்கிக்குள் வந்தார்.

முதல் இந்திய கவர்னர்

1935-ல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் முதல் இரண்டு கவர்னர்களும் பிரிட்டிஷ்காரர்கள். இரண்டாவது கவர்னர் ஜேம்ஸ் டெய்லர் 1943-ல் பதவியில் இருக்கும்போதே காலமானார். அதே வருஷம் ஆகஸ்ட்டில் அந்த நாற்காலி தேஷ்முக்குக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 47.

நாற்காலி கிடைத்த நேரம் சரியில்லை. உலகப் போர் உச்சத்தில் இருந்தது. போர்ச் செலவுக்காக நோட்டுகள் அடித்துத் தள்ளப்பட, விலைவாசி எகிறியது. வங்காளத்தில் பஞ்சம். 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்ததும் இவர் காலத்தில்தான்.

நடுவில் 1944-ல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் மாநாடு. ஐஎம்எஃப், உலக வங்கி இரண்டுக்கும் அடித்தளம் போட்ட கூட்டம் அது. இந்தியக் குழுவில் தேஷ்முக்கோடு நம்ம கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே.சண்முகம் செட்டியாரும் இருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர் அவர்தான்.

ஒரே வங்கி, இரண்டு நாடு

இப்போ அந்த நோட்டுக்கு வருவோம். 1947 ஆகஸ்ட்டில் நாடு பிரிந்தபோது பாகிஸ்தானிடம் மத்திய வங்கியும் இல்லை, சொந்த நோட்டும் இல்லை. ஒரே நாளில் இரண்டையும் உருவாக்க முடியாது. அதனால், 1948 செப்டம்பர் 30 வரை ரிசர்வ் வங்கியே இரண்டு நாடுகளுக்கும் பொதுவான மத்திய வங்கியாக இருக்கும் என்று ஏற்பாடு.

யோசிச்சுப் பாருங்க. எல்லையில் ரத்தம் ஓடுது. லட்சக்கணக்கான மக்கள் வீடு வாசலை விட்டு நடக்கிறாங்க. காஷ்மீரில் சண்டை. அதே நேரத்தில் இரண்டு அரசுகளுக்கும் ஒரே ஆள் கஜானா சாவியை வைத்திருக்க வேண்டும்!

உரசல் சீக்கிரமே வந்தது. பிரிக்கப்படாத இந்தியாவின் ரொக்க இருப்பில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய் என்று முடிவானது. முதலில் 20 கோடி போனது. காஷ்மீர் பிரச்சினையால் மீதி 55 கோடியை இந்திய அரசு நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரியில் காந்தி உண்ணாவிரதம் இருந்த நாள்களில்தான் அதை விடுவிக்கும் முடிவு வந்தது. ஆனால் அதற்குள், டெல்லி சொல்வதைத்தான் ரிசர்வ் வங்கி கேட்கும் என்ற சந்தேகம் பாகிஸ்தான் தரப்பில் வேரூன்றிவிட்டது. பொது வங்கி ஏற்பாடு மூன்று மாதம் முன்பாகவே, 1948 ஜூன் 30 அன்று முடிந்தது. மறுநாள் கராச்சியில் ஸ்டேட் பேங்க் ஆஃப் பாகிஸ்தானை ஜின்னா திறந்து வைத்தார்.

அந்த இடைவெளியின் சாட்சிதான் இந்த நோட்டு. 1948 ஏப்ரல் 1 முதல், பாகிஸ்தான் பெயர் அச்சிட்ட நோட்டுகள் அங்கே புழக்கத்துக்கு வந்தன. பாகிஸ்தான் தனக்கென வடிவமைத்த நோட்டுகள் அக்டோபரில்தான் வெளிவந்தன. அதுவரை, லாகூரில் ஒரு கடைக்காரர் கல்லாவில் போட்ட நோட்டுக்குப் பம்பாயில் உட்கார்ந்திருந்த தேஷ்முக்கின் கையெழுத்தே உத்தரவாதம்.

உறவு உடைஞ்சுது, ஆனா நோட்டு செல்லாமல் போகவில்லை. அதில் இருந்த உறுதிமொழி நின்றது. தேஷ்முக்கின் கவர்னர் காலத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

அப்புறம் என்ன ஆனார்?

1949 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி நாட்டுடைமை ஆனது. ஜூன் மாதம் தேஷ்முக் விடைபெற்றார். மன்னர் படத்துக்குப் பதில் காந்தி படம் போடலாம் என்று முதலில் பேச்சு இருந்தது. கடைசியில் அசோகர் தூணின் சிங்க முத்திரை தேர்வானது. அந்த முத்திரையோடு 1949-ல் வந்த 1 ரூபாய் நோட்டை வெளியிட்டது மத்திய அரசு. 2, 5, 10, 100 ரூபாய் நோட்டுகள் 1950-ல் வந்தபோது கவர்னராக இருந்தவர் பெனகல் ராமா ராவ்.

தேஷ்முக் அதே 1950-ல் நிதியமைச்சர் ஆனார். இம்பீரியல் பேங்க் எஸ்பிஐ ஆனது, ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது எல்லாம் இவர் காலம். 1953-ல் துர்காபாயைத் திருமணம் செய்தார். அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாண உறுப்பினராக இருந்தவர், சென்னையில் ஆந்திர மகிள சபாவைத் தொடங்கியவர் அவர்.

1956-ல் மாநில மறுசீரமைப்பின்போது, பம்பாய் நகரை மகாராஷ்டிராவோடு சேர்க்காமல் தனி யூனியன் பிரதேசமாக்கும் திட்டம் வந்தது. தேஷ்முக் அதை ஏற்கவில்லை. நிதியமைச்சர் பதவியையே தூக்கிப் போட்டார். அவர் விட்டுப்போன துறை டி.டி.கிருஷ்ணமாச்சாரியிடம் வந்தது.

பிறகு யுஜிசி தலைவர், டெல்லி பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1959-ல் மகசேசே விருது, 1969 ஜனாதிபதி தேர்தலில் போட்டியிட்டு மூன்றாம் இடம், 1975-ல் பத்ம விபூஷண். இதற்கிடையில் காளிதாசரின் மேகதூதத்தையும் மராத்தியில் மொழிபெயர்த்திருக்கிறார்! 1982 அக்டோபர் 2 அன்று ஹைதராபாத்தில் காலமானார்.

சேகரிக்க ஆசையா?

பாகிஸ்தான் பெயர் இல்லாத, தேஷ்முக் கையெழுத்துள்ள சாதாரண நோட்டுகளில் தொடங்குவது நல்லது. விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் துணை இல்லாமல் பாகிஸ்தான் பெயர் உள்ள நோட்டுக்குப் பணம் கொடுக்காதீங்க. சாதாரண நோட்டின் மேல் இரண்டு வரியை அடித்துவிட்டால் விலை பல மடங்கு ஏறும் என்பதால், ஏமாற்ற நினைப்பவர்களுக்கு இது சுலபமான வழி. அந்த எழுத்துகளின் வடிவத்தையும் இடத்தையும் உண்மையான நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்க.

வாங்கிய நோட்டைக் கழுவுவது, இஸ்திரி போடுவது, டேப் ஒட்டுவது எதுவும் வேண்டாம். மடிப்பும் ஊசித் துளையும் அது பலர் கைமாறி வந்ததற்கான அடையாளம். அந்தத் துளை வழியே 1948-ம் இருக்கு.