ஜன்னல் ஓரத்தில் பிறந்த பாரிஸ்

வெட்டவெளியில் நின்று படம் வரைவதுதான் காமில் பிஸாரோவின் வழக்கம். வயது 60-ஐ நெருங்கியபோது அதற்கு ஆபத்து வந்தது. வலது கண்ணில், கண்ணீர் இறங்கும் குழாயில் சீழ் கட்டியது. காற்றும் தூசியும் பட்டால் கண் வீங்கிவிடும். ஓவியனுக்குக் கண் போனால் மிச்சம் என்ன?

பிஸாரோ 1830-ம் ஆண்டில் மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமசில் பிறந்தார். தகப்பனார் கடைக்காரர். மகனுக்கோ கடையில் மனம் ஒட்டவில்லை. 1855-ல் பாரிசுக்கு வந்தார். தாயார் வீட்டில் வேலை பார்த்த ஜூலியை விரும்பி மணந்தார். எட்டுக் குழந்தைகள்! படங்கள் விற்கவில்லை. ஜூலி காய்கறி பயிரிட்டு, கோழி வளர்த்து வீட்டைக் காப்பாற்றினார்.

1870-ல் ஜெர்மானியப் படை புகுந்தது. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. திரும்பி வந்து பார்த்தால், வீட்டிலிருந்த சுமார் 1,500 படங்களில் 40 அளவே மிஞ்சியிருந்தன. சேறு படாமல் நடக்க, சிப்பாய்கள் படங்களைத் தரையில் விரித்திருந்தார்கள்!

புள்ளியை விட்டார்

55 வயதில் அவர் புது வித்தை ஒன்றைப் பழகினார். சூரா என்ற இளைஞர் கண்டுபிடித்த முறை அது. வர்ணத்தைக் குழைத்துப் பூசாமல், புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். ஒரு படம் முடிக்க வெகு நாளாயிற்று. கண்டதும் மனதில் எழுந்த வேகம், கை எட்டுவதற்குள் ஆறிப்போனது. சில ஆண்டுகளில் அதை விட்டுவிட்டார்.

ஓட்டல் அறை

1897 பிப்ரவரியில் பாரிசில் ஓர் ஓட்டலில் மாடி அறை எடுத்தார். ஜன்னலுக்குக் கீழே மோன்மார்த்ர் பெருவீதி. காற்றில்லை, தூசியில்லை. ஊரே கண்முன்!

துணி சின்னதுதான். அதற்குள் நூற்றுக்கணக்கான ஜனங்கள், குதிரை வண்டிகள், மரங்கள். எப்படி அடக்கினார்? மூக்கும் முழியும் வரையவில்லை. கறுப்பாக ஓர் இழுப்பு இழுத்தால் ஒரு மனிதன். தடித்த தீற்றல் ஒன்று, வண்டி. கிட்டே பார்த்தால் வெறும் கறை. பத்தடி தள்ளி நின்றால் கூட்டம் நகர்கிறது! அளவு சின்னது என்பதற்காக அவர் மெல்லிய கோடு போடவில்லை. சாமர்த்தியம் அங்கேதான்.

காலைப் பனி, வெயில், மழை, திருவிழா ஊர்வலம் என்று ஏப்ரலுக்குள் 14 படங்கள் தயாராயின.

அந்த நவம்பரில் பேரிடி. 23 வயது மகன் பெலிக்ஸ் லண்டனில் இறந்தான். கிழவர் இன்னோர் ஓட்டலில் அறை எடுத்து, ஆப்பரா வீதியை வரைய உட்கார்ந்தார். பிறகு ரூவான், லெ ஹாவர் என்று ஊர் ஊராக ஜன்னல்கள். 1903 நவம்பரில் காலமானார்.

அந்த 14-ல் ஒன்றுதான் இரவுக் காட்சி. நடுவீதியில் வெள்ளை மின்விளக்குகள், கடைகளில் மஞ்சள் ஒளி, ஈரத்தரையில் அவற்றின் நிழல். அதில் பிஸாரோ கையெழுத்துப் போடவில்லை. உயிரோடு இருந்தவரை யாருக்கும் காட்சிக்கு வைக்கவுமில்லை. இப்போது அது லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது.